முப்புரி: கட்டுமரக் கயிறும் கிண்டி ராமச்சந்திரனும்

கட்டுமரம்ங்கிற வார்த்தையை வெள்ளைக்காரன் அப்படியே தூக்கிட்டுப் போயிட்டான்னு நமக்கெல்லாம் ஒரு பெருமை உண்டு. 1697-ல வந்த வில்லியம் டாம்பியரோட பயணப் புத்தகத்துலயே அந்த வார்த்தை இருக்கு. எனக்கு அதை விடப் பிடிச்ச திருட்டு 'காயர்'. தேங்காய் நாருக்கு உலகம் முழுக்க வழங்குற அந்தப் பேர் நம்ம கயிறுதான். (மலையாளத்து நண்பர்கள் சண்டைக்கு வரவேண்டாம், பங்கு வச்சுக்கலாம்.) இதுல மரத்துக்குப் புகழ் கிடைச்சுடுச்சு, கயிறை யாரும் கண்டுக்கவே இல்லை. ஆனா சொல்லைப் பாருங்க. 'கட்டு'தான் முதல்ல வருது, 'மரம்' அப்புறம்தான்.

பழவேற்காடு ஏரிக் கரையில இருக்கிற குப்பங்களுக்குப் போனா இந்தக் கட்டு எங்க பார்த்தாலும் கண்ணுல படும். இன்னிக்கு படகெல்லாம் ஃபைபர். 2004 சுனாமிக்கு அப்புறம் மரம் ரொம்பவே குறைஞ்சுபோச்சு. ஆனா கழி நட்டு வலை கட்டுற வேலை, நங்கூரம், பாய்மரம், வலையோட மேல்விளிம்பு, கீழ்விளிம்பு எல்லாமே கயிறுதான். முறை வச்சு மீன்பிடி இடத்தைப் பங்கு போட்டுக்கிற 'பாடு' வழக்கம் இந்த ஏரியில ரொம்பப் பழசு. அந்தப் பாட்டுல கட்டுற வலையும் கயிறு நம்பித்தான் நிக்குது. அந்தக் காலத்துல இந்தக் கரை முழுக்க அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் ஏத்தி இறக்கின மசூலா படகுல ஆணியே கிடையாது. பலகைக்குப் பலகை கயித்தால தைச்சது. ஆணி அடிச்ச படகு அலை அடிச்சா பொளந்துக்கும், தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும்.

சரி, கயிறுன்னா என்ன? ஒரு சாண் நீளம் கூட இல்லாத நாரை வச்சு நூறு அடி கயிறு எப்படி வருது? ஒட்டுறதுக்குப் பசை இல்லை, முடிச்சு இல்லை. 1638-ல கலிலியோ தன்னோட கடைசிப் புத்தகத்துல, பொருட்களோட வலிமையைப் பத்திப் பேசும்போது இந்தக் கேள்வியையும் எடுத்துக்கிட்டார். முறுக்கு நாருங்களை ஒண்ணோட ஒண்ணு நெருக்குது. இழுக்க இழுக்க நெருக்கம் கூடுது, உராய்வும் கூடுது. அதனால உருவிக்கிட்டு வர்றதுக்குப் பதிலா இன்னும் இறுக்கமாப் பிடிச்சுக்குது.

இதோட விட்டா கயிறு கைய விட்டதும் பிரிஞ்சு போயிடும். அதுக்குத்தான் ரெண்டாவது வித்தை. நாரை ஒரு பக்கமா முறுக்கிப் புரி ஆக்கணும். அப்புறம் மூணு புரியைச் சேர்த்து எதிர்ப்பக்கமா முறுக்கணும். புரி பிரியப் பார்த்தா கயிறு இறுகும், கயிறு பிரியப் பார்த்தா புரி இறுகும். ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பிடிச்சு வச்சுக்கும். இது மனுஷனோட வித்தைன்னு கூட சொல்ல முடியாது. பிரான்ஸ்ல ஆப்ரி டு மராஸ்ங்கிற இடத்துல நியாண்டர்தால் ஆளுங்க விட்டுட்டுப் போன ஒரு துணுக்குக் கயிறு கிடைச்சதா 2020-ல ஒரு கட்டுரை வந்துச்சு. நாப்பதாயிரம் வருஷத்துக்கு மேல பழசு. நீளம் வெறும் 6 மில்லிமீட்டர். மரப்பட்டை நாரு. மூணு புரி, ஒவ்வொண்ணும் ஒரு பக்கமா முறுக்கி, மூணையும் எதிர்ப்பக்கமா திரிச்சது. நம்ம கடையில தொங்குற கயிறு மாதிரியேதான்!

இவ்வளவு பழைய சமாச்சாரத்துல புதுசா ஆராய்ச்சி பண்ண என்ன இருக்குன்னு நினைப்பீங்க. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல ஜேகப் போர், காஸ்பர் ஓல்சன்னு ரெண்டு பேர். கயிறு திரிக்கிற பழங்கலையைப் பத்தி 2011-ல ஒரு இயற்பியல் கட்டுரை போட்டாங்க. சுருக்கமா சொல்றேன், அழகான கணக்கு.

ஒரே நீளமுள்ள மூணு புரியை எடுத்துத் திரிச்சுக்கிட்டே போறீங்க. ஒவ்வொரு சுத்துக்கும் கயிறு கொஞ்சம் குட்டையாகும், புரிங்க சாஞ்சுக்கிட்டே வரும். ஒரு கட்டத்துல புரிங்க பக்கத்துப் புரியோட முட்டிக்கும். அதுக்கு மேல சாய்க்கணும்னா நடு அச்சை விட்டு வெளியே தள்ளிப் போகணும். வெளியே போனா ஒரு சுத்துக்கு அதிக நீளம் செலவாகும், அதனால மொத்தச் சுத்து குறைய ஆரம்பிச்சுடும். ஆக, ஒரு கயித்துக்குள்ள இவ்வளவு சுத்துதான் அடைக்க முடியும்னு ஒரு உச்சம் இருக்கு. மூணு புரின்னா கயித்தோட குறுக்குவாட்டுல இருந்து புரி சுமார் 43 டிகிரி சாஞ்சிருக்கும்போது அந்த உச்சம் வருது. ரெண்டு புரின்னா சுமார் 39. இந்தக் கணக்குல எங்கயுமே நார் என்ன நார்ன்னு வரவே இல்லை. தேங்காய் நார், சணல், தோல், நைலான், எதுவா இருந்தாலும் அதே கோணம். சுத்தமான வடிவியல். எகிப்துல பாப்பிரஸ் புல்லுல திரிச்ச கயிறும் பழவேற்காட்டு நைலான் கயிறும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்னு அவங்க வாதம்.

இன்னொரு விஷயம், பன்னெண்டாம் வகுப்பு கால்குலஸ் ஞாபகம் இருக்கிறவங்களுக்கு. உச்சப்புள்ளியில சரிவு சைபர். அப்படின்னா அந்த நிலையில கயிறை லேசா இழுத்தா சுத்தோட எண்ணிக்கை மாறாது, கயிறு எந்தப் பக்கமும் சுழலாது. குறைவா திரிச்ச கயித்துல நங்கூரத்தைக் கட்டி இறக்கினா பம்பரம் மாதிரி சுத்தும். சரியா திரிச்சது கம்முன்னு இறங்கும். திரிக்கும்போது கயிறை விறைப்பா இழுத்துப் பிடிக்கணும்னு ஒரு விதி இருக்குல்ல, எகிப்துக் கல்லறைச் சுவர் ஓவியத்துல கூட அப்படித்தான் இழுத்துப் பிடிச்சுத் திரிக்கிறாங்க. அதுவும் இந்தக் கணக்குல இருந்தே விழுது. மூணு பள்ளம் வெட்டின மரக்கட்டையை நடுவுல விட்டுப் புரிங்களைக் கடைசி நிமிஷம் வரைக்கும் பிரிச்சு வைக்கிறாங்களே, அதுக்கும் இதுவே விளக்கம்.

இப்ப பழவேற்காட்டுல இருந்து தெற்கே அறுபது கிலோமீட்டர் போல வாங்க. கிண்டி.

ஜி.என்.ராமச்சந்திரன் 1922-ல எர்ணாகுளத்துல பிறந்தவர். 1942-ல பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு எலக்ட்ரிகல் இன்ஜினியரிங் படிக்கப் போய், சர் சி.வி.ராமனால இயற்பியலுக்கு இழுக்கப்பட்டவர். (நம்ம ஜாதி இன்ஜினியர் ஒருத்தர் தப்பிச்சார் :-)) கேம்பிரிட்ஜ்ல அவர் செஞ்சது பச்சையான பொருள் இயற்பியல். எக்ஸ்-கதிர் சிதறுறதை வச்சுப் படிகங்களோட மீள்தன்மையை அளக்கிறது. 1952-ல சென்னைப் பல்கலைக்கழகத்துல இயற்பியல் துறைத் தலைவர், வயசு முப்பது. துணைவேந்தர் ஏ.லட்சுமணசுவாமி முதலியார் அந்த வேலையை முதல்ல ராமனுக்குத்தான் தர நினைச்சார். ராமன் கை காட்டினது இவரை.

அந்த வருஷம் சென்னை வந்த ஜே.டி.பெர்னால், கொலாஜனோட அமைப்பு இன்னும் பிடிபடலைன்னு சொல்லிட்டுப் போனார். கொலாஜன்னா நம்ம தோல், தசைநார், எலும்பு, மீனோட செதில், சுறாத் துடுப்பு எல்லாத்தையும் இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கிற புரதம். மீன் தலைக் குழம்பு ராத்திரி ஆறினதும் கெட்டியா உறையுதே, அது கொதிச்சுப் பிரிஞ்சுபோன கொலாஜன்தான். பக்கத்துலயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். அங்கிருந்து கங்காரு வால் தசைநார் கிடைச்சுது. ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ்-கதிர் படம் எடுத்தாங்க. 1954 ஆகஸ்ட்ல 'நேச்சர்' இதழ்ல விடை: மூணு சங்கிலி. முப்புரி.

முதல் மாதிரியில மூணு சங்கிலியும் பக்கத்துப் பக்கத்துல நேரா நின்னுச்சு, ஒண்ணை ஒண்ணு சுத்தலை. அதாவது மூணு புரி இருக்கு, ஆனா இன்னும் திரிக்கலை. கொலாஜன்ல ஒவ்வொரு மூணாவது இடத்துலயும் கிளைசின் வருது. நடுவுல இருக்கிற நெருக்கத்துல வேற எதுவும் அடங்காது, அதனால அது எப்பவும் உள்பக்கமே பார்க்கணும். ஆனா அளவெடுத்தா ஒரு சுத்துக்கு மூணு இல்லை, மூணேகால் சொச்சம் வருது. இடிக்குது. நிலா பூமியைச் சுத்திக்கிட்டே எப்பவும் ஒரே முகத்தைக் காட்டுது இல்லையா, அந்த மாதிரி சங்கிலியும் நடு அச்சைச் சுத்தி வந்தா கிளைசின் எப்பவும் உள்ளேயே பார்க்கும். 1955 செப்டம்பர்ல திருத்தின மாதிரி வந்துச்சு. ஒவ்வொரு சங்கிலியும் இடது முறுக்கு, மூணும் சேர்ந்து வலது முறுக்கு. குப்பத்துல கயிறு திரிக்கிறவங்க செய்யற அதே எதிர்முறுக்கு!

ரெண்டு மாசத்துல அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் (டி.என்.ஏ கிரிக்தான்) தங்களோட முப்புரியைப் போட்டாங்க. ராமச்சந்திரன் மாதிரியில மூணு அமினோ அமிலத்துக்கு ரெண்டு ஹைட்ரஜன் பிணைப்பு, அணுக்கள் ரொம்ப நெருங்குதுன்னு குற்றச்சாட்டு. ஒண்ணுதான் இருக்க முடியும்னாங்க. 1994-ல படிக அமைப்பு தெளிவாக் கிடைச்சப்போ நேரடிப் பிணைப்பு ஒண்ணுதான்னு ஆச்சு. அந்த விவரத்துல அவங்க சரி. ஆனா ஒவ்வொரு சங்கிலியும் இடது முறுக்கு, மூணும் சேர்ந்து வலது முறுக்குங்கிற சரியான மாதிரி முதல்ல அச்சுல வந்தது கிண்டியில இருந்து. பாடப் புத்தகங்கள்ல இது ஒழுங்கா சொல்லப்படாம போனது எனக்கு இன்னும் உறுத்துது.

அந்தக் குற்றச்சாட்டை அவர் விட்ட விதம்தான் பெரிய விஷயம். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்னு உண்மையான அளவுகளைத் திரட்டினார். அணுவை கெட்டியான கோலிக்குண்டா வச்சுக்கிட்டு, புரதச் சங்கிலியில ரெண்டே ரெண்டு கோணங்களை எப்படியெல்லாம் திருப்பினா முட்டாதுன்னு சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரனோட சேர்ந்து கணக்குப் போட்டார். 1963. அதுதான் ராமச்சந்திரன் வரைபடம். இன்னிக்கு எந்த நாட்டு ஆய்வகத்துல புரத அமைப்பு கண்டுபிடிச்சாலும் சரிபார்க்க இதுல ஓட்டிப் பார்க்கிறாங்க. திரும்பவும் அதேதான். பொருளைப் பத்தி எதுவும் கேட்காம, முட்டுமா முட்டாதாங்கிற வடிவியல் மட்டும். அவர் 2001-ல சென்னையில காலமானார். நோபல் வரலை.

பழவேற்காட்டுக்கும் இதுக்கும் இன்னொரு முடிச்சு இருக்கு. 1613-ல இங்க கெல்டிரியா கோட்டை கட்டினது வி.ஓ.சி. (நம்ம கப்பலோட்டிய தமிழன் இல்லீங்க, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி.) 1690 வரைக்கும் சோழமண்டலக் கரையில அவங்களுக்குத் தலைமையிடம் இதுதான். கப்பலுக்கு வேணும்கிற கயிறைத் திரிக்க ஆம்ஸ்டர்டாம்ல ஊஸ்டன்பர்க் தீவுல சொந்தக் கொட்டகையே வச்சிருந்தாங்க. ஆனா மாசக்கணக்கா கடல்ல வந்த மாலுமிங்க ஈறு அழுகி, பழைய காயமெல்லாம் திரும்பத் திறந்து செத்தாங்க. ஸ்கர்வி. கொலாஜன் சங்கிலியில புரோலினைக் கொஞ்சம் மாத்தினாத்தான் முப்புரி உடம்புச் சூட்டுல பிரியாம நிக்கும். அதுக்கு வைட்டமின் சி வேணும். பாய்மரத்துக் கயிறெல்லாம் கெட்டியா இருந்துச்சு, பிரிஞ்சது அவங்க உடம்புக்குள்ள இருந்த கயிறு. 1652-ல நன்னம்பிக்கை முனையில கம்பெனி காய்கறித் தோட்டம் போட்டதுக்கு ஒரு காரணம் இது.

அடுத்த தடவை நங்கூரக் கயிறு எதாவது கைக்குக் கிடைச்சா, ஒரு கோணமானியை வச்சுப் புரியோட சாய்வை அளந்து பாருங்க. இழுத்துத் தேஞ்ச பழைய கயிறுன்னா கோணம் மாறியிருக்கும், புதுக் கயித்துலயே அளங்க.