இருபது பவுண் வரம்பை உடைத்தவர்

தொலைக்காட்சியில் உதைபந்தாட்டம் முடிந்ததும் ஆட்டத்தைப் பகுத்து விவாதிப்போரை நாம் காண்கிறோம். இவ்வழக்கத்தைப் பிரித்தானியாவில் வேரூன்றச் செய்தோருள் முக்கியமானவர் ஜிம்மி ஹில். 1928 இல் தென் இலண்டனில் பிறந்து, பிரென்ட்போர்ட், புல்ஹாம் கழகங்களுக்கு ஆடியவர். மாபெரும் ஆட்டக்காரர் எனக் கூறுவதற்கில்லை. இங்கிலாந்து அணியில் அவர் இடம்பெற்றதே இல்லை. எனினும் 1958 இல் டொன்காஸ்டர் அணிக்கெதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்களை அடித்தார்.

அக்காலத்தில் பல்லாயிரம் இரசிகர்கள் பணங்கொடுத்துத் திரண்டபோதும், ஆடுபவருக்கு வாரம் 20 பவுணுக்கு மேல் வழங்க விதி இடந்தரவில்லை. ஆட்டமில்லாக் கோடையில் 17 பவுண்தான். 1957 இல் ஆட்டக்காரர் சங்கத் தலைவரான ஹில், இவ்விதியை எதிர்த்து உறுப்பினரை வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தப்படுத்தினார். வாரக் கூலியை எண்ணி வாழும் நம்மவர்க்கு இதன் கனதி எளிதில் விளங்கும். 1961 ஜனவரியில், வேலைநிறுத்தத்துக்குச் சில நாட்களே இருக்கையில், வரம்பு நீக்கப்பட்டது. அவருடைய புல்ஹாம் சகா ஜொனி ஹெயின்ஸ் வாரம் 100 பவுண் பெறலானார். ஹில்லோ அவ்வாண்டே முழங்காற் காயத்தால் ஆட்டத்தைக் கைவிட்டார். வென்றெடுத்த பலன் அவருக்குக் கிட்டவில்லை.

பின்னர் முகாமையாளராகக் கொவென்றி அணியை மூன்றாம் பிரிவிலிருந்து முதற் பிரிவுக்கு உயர்த்திவிட்டுத் தொலைக்காட்சிக்குச் சென்றார். 1970 உலகக் கிண்ணத்தின்போது ஐ.ரி.வி.யின் விவாதக் குழு, அவரது பங்களிப்புடன், பெரும் வரவேற்பைப் பெற்றது. 1973 இல் பி.பி.சி.க்கு மாறினார்.

1972 இல் ஆர்சனல் - லிவர்பூல் ஆட்டத்தில் எல்லைக்கோட்டு நடுவர் ஒருவர் காயமுற்றார். நடுவர் தகைமையுடையோர் எவரும் உளரா என ஒலிபெருக்கியில் கேட்டனர். ஆட்டம் பார்க்க வந்திருந்த ஹில் இறங்கிச் சென்று கொடியைப் பிடித்தார்.