மிஸ் கேரளா மீன்: ஒரு விலையின் வரலாறு

மிஸ் கேரளா என்பது மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதி ஆறுகளில் மட்டும் இயற்கையாக வாழும் நன்னீர் அலங்கார மீன் ஆகும். அறிவியல் பெயர் சஹ்யாத்ரியா டெனிசோனி. மலையாளத்தில் செங்கணியான் எனப்படும். அரிய மீன்களின் விலையும் வரத்தும் எவ்வாறு மாறுகின்றன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

பெயர்

சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே, திருவிதாங்கூரின் முண்டக்கயத்தில் கிடைத்த இம்மீனை 1865இல் விவரித்தார். அப்போதைய சென்னை ஆளுநர் வில்லியம் டெனிசனின் பெயரை இதற்குச் சூட்டினார்.

தேவை பெருகுதல்

1997இல் சிங்கப்பூரில் நடந்த அக்வாராமா கண்காட்சியில் புதிய இனங்கள் பிரிவில் இம்மீன் பரிசு பெற்றது. அதன்பின் வெளிநாட்டு வளர்ப்போர் இதைத் தேடத் தொடங்கினர். தேவை பெருகியது, ஆறுகள் பெருகவில்லை.

வரத்து

இவை கூட்டமாக வாழ்வதால் ஒரே வலைவீச்சில் பல சிக்கிவிடும். ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் பயணம் செய்யும்போது சில இறக்கும். இறந்தவற்றின் செலவும் விமானக் கட்டணமும் பிழைத்த மீன்களின் விலையில் சேரும். ஆற்றில் இறங்கிப் பிடித்தவருக்குக் கிடைப்பதோ அதில் சிறு பங்குதான்.

2005 முதல் 2012 வரை, அழியும் அச்சுறுத்தலுக்கு உள்ளான 30 நன்னீர் மீனினங்களைச் சேர்ந்த குறைந்தது 15 லட்சம் மீன்கள் இந்தியாவிலிருந்து ஏற்றுமதியாயின. அவற்றில் முதன்மையான பங்கு வகித்தவற்றுள் மிஸ் கேரளாவும் ஒன்று.

கட்டுப்பாடும் வளர்ப்பும்

2008இல் கேரள அரசு இம்மீனைப் பிடிப்பதற்குக் கட்டுப்பாடுகள் விதித்தது. ஆனால் தடை செய்யப்பட்ட மாதங்கள் இனப்பெருக்கக் காலத்தோடு சரியாகப் பொருந்தவில்லை என ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர்.

இதற்கிடையே கொச்சி பனங்காடு மீன்வளக் கல்லூரியில் ஹார்மோன் ஊசி மூலம் குஞ்சு பொரிக்கும் முறை உருவாக்கப்பட்டது. தென்கிழக்காசியப் பண்ணைகளும் இதை வளர்த்தன. இத்தகைய குஞ்சு வளர்ப்பில் ஆர்ட்டிமியா முக்கிய உணவாகும். மரக்காணத்தில் உள்ளவை போன்ற உப்பளங்களின் அடர் உவர்நீரே இச்சிறு இறாலினத்துக்கு ஏற்ற இடம். பண்ணைக் குஞ்சுகள் சந்தைக்கு வரும்போது விலை இறங்கும். ஆற்றில் பிடிக்கும் ஆவலும் குறையும்.

இன்றைய கேள்வி

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில் இம்மீன் பாதுகாக்கப்பட்ட இனங்களின் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. இதனால் ஆற்று மீனுக்குக் காவல் கிடைத்தது. தொட்டியில் இதைப் பெருக்கியோரின் தொழிலோ நெருக்கடிக்கு உள்ளானது. இரண்டையும் பிரித்தறியும் சான்றிதழ் முறை அமைந்தால் ஆறும் பிழைக்கும், வளர்ப்போரும் பிழைப்பர்.