கோழையில் கட்டிய வீடும், கப்பலேறிய கவிஞரும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிக்கிட்டே வந்த பதிவு இது. கடல் வரலாறுன்னா நம்ம ஆளுங்க கொலம்பஸ், வாஸ்கோடகாமா, மிஞ்சிப் போனா டைட்டானிக்னு போயிடுவாங்க. இன்னைக்கு நான் சொல்லப் போறது சில மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு பூச்சியோட வரலாறு. பூச்சின்னு ஒரு பேச்சுக்குச் சொல்றேன், அடிக்க வராதீங்க. உண்மையில் அது நமக்கு ஒன்றுவிட்ட உறவு. எப்படின்னு பின்னாடி வரும்.

பெயர் அப்பெண்டிகுலேரியன். லார்வேசியன் என்றும் சொல்வார்கள். பார்க்க தவளையின் தலைப்பிரட்டை மாதிரி இருக்கும்: குட்டி உடம்பு, நீள வால், கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். இது தன் உடம்பிலிருந்தே கோழை மாதிரி ஒரு பொருளைச் சுரந்து, அதைப் பலூன் மாதிரி ஊதி, அதற்குள்ளே குடியிருக்கும். வால் உள்ளே தண்ணீரை இறைக்கும். வாசலில் முரட்டுச் சல்லடை, உள்ளே நைஸ் சல்லடை. சிக்கும் நுண்ணுயிர்களை வாய்க்குள் உறிஞ்சிக்கொள்ளும். சல்லடை அடைத்துக்கொண்டால்? சுத்தம் பண்ணுவதெல்லாம் கிடையாது. வீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏற்கெனவே உடம்பில் மடித்து வைத்திருக்கும் அடுத்த வீட்டை ஊதிக்கொள்ளும். ஒரே நாளில் பல வீடுகள். இ.எம்.ஐ தொல்லை இல்லாத ஜீவன் :-)

இதை முதலில் கண்டுபிடித்து எழுதியவர் ஒரு கவிஞர். அடல்பெர்ட் ஃபான் ஷமிஸோ. பிரான்சில் 1781-ல் பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சுப் புரட்சியில் குடும்பமே ஊரை விட்டு ஓடி, கடைசியில் பெர்லினில் கரையேறியது. பிரெஞ்சுக்காரர் ஜெர்மனில் எழுதிப் பெயர் வாங்கினார். தன் நிழலை விற்றுவிட்டுத் தவிக்கும் பீட்டர் ஷ்லெமீல் என்பவனின் கதை 1814-ல் வந்தது. மறுவருடமே ரூரிக் என்ற ரஷ்யக் கப்பலில் இயற்கையியலாளராகக் கிளம்பிவிட்டார். 1815 முதல் 1818 வரை உலகம் சுற்றிய கப்பல் அது. நிழல் இல்லாதவனைப் பற்றி எழுதியவர், அநேகமாக நிழலே விழாத ஒரு பிராணியைக் கடலில் அள்ளியிருக்கிறார்! இதை நான் கதையில் எழுதியிருந்தால் "ஓவரா இருக்கு தல"ன்னு பின்னூட்டம் போட்டிருப்பீங்க.

அதே பயணத்தில் அவர் கண்ட இன்னொரு விஷயம், இதன் உறவுக்காரனான சால்ப்பைப் பற்றியது. சால்ப்பில் தனியாகத் திரியும் தலைமுறையும், சங்கிலி மாதிரி கோத்துக்கொண்டு திரியும் தலைமுறையும் மாறி மாறி வரும். பிள்ளை அம்மா மாதிரி இருக்காது, பாட்டி மாதிரி இருக்கும். 1819-ல் இதைப் பிரசுரித்தபோது பலர் நம்பவில்லை. 1842-ல் டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப் இது இயற்கையில் பரவலாக நடப்பதுதான் என்று புத்தகமே போட்டார். ஷமிஸோ 1838-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

சரி, நம்மாளுக்கு வருவோம். 1821-ல் ஷமிஸோ தன் நண்பர் ஐசன்ஹார்ட்டோடு சேர்ந்து அப்பெண்டிகுலேரியா என்று பெயர் வைத்தார். ஆனால் வீட்டைப் பற்றி அவருக்குத் தெரியாது. வலையில் பிடிக்கும்போதே இது வீட்டைப் போட்டுவிட்டு ஓடிவிடும். வீட்டைப் பார்த்துச் சொன்னவர் கார்ல் ஹைன்ரிஷ் மெர்ட்டென்ஸ். 1826-ல் கிளம்பி 1829-ல் திரும்பிய சென்யாவின் என்ற ரஷ்யக் கப்பலில் போனவர். இந்தப் பிராணி தனக்கென வீடு கட்டுகிறது, விட்டுவிட்டுப் போகிறது, மறுபடி கட்டுகிறது என்று எழுதினார். வைத்த பெயர் ஓய்கோப்ளூரா. ஓய்கோஸ் என்றால் கிரேக்கத்தில் வீடு. எகானமி, எகாலஜி எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். இனப்பெயரில் ஷமிஸோவுக்கு மரியாதை செய்தார். 1830-ல் மெர்ட்டென்ஸ் இறந்துபோனார். வயது முப்பத்தி நாலு.

என்னை உறுத்துவது இந்த இடம்தான். அடுத்து வந்தவர்கள் பிடித்த பிராணிகள் எல்லாம் வீடில்லாமல் நிர்வாணமாகவே வந்தன. அப்புறம் மெர்ட்டென்ஸ் சொன்ன வீட்டை யார் நம்புவது? பதில் சொல்ல ஆளும் இல்லை. பல வருடங்கள் கழித்துத்தான் மற்றவர்கள் கண்ணில் வீடு பட்டது. கண்டதைக் கண்டபடி எழுதிவிட்டுப் போன ஒரு மனுஷன், தன் வலையில் சிக்காத காரணத்துக்காகச் சந்தேகப்படப்பட்டார்.

நடுவில் ஹக்ஸ்லி. ஆமாம், டார்வினுக்காக வரிந்துகட்டிக்கொண்டு சண்டை போட்ட அதே தாமஸ் ஹக்ஸ்லி. அப்போது ராட்டில்ஸ்னேக் கப்பலில் உதவி சர்ஜன், இருபத்தி சொச்சம் வயசு. அதுவரை இதை எந்த வரிசையில் வைப்பது என்று ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1851-ல் ஹக்ஸ்லி, இது பாறையில் ஒட்டிக்கொண்டு வாழும் அசிடியன் வகையறாவின் சொந்தம் என்று காட்டினார். அசிடியன் குஞ்சாக இருக்கும்போது மட்டும் வாலோடு நீந்தும், அப்புறம் ஒட்டிக்கொண்டு வாலைத் தொலைத்துவிடும். இவன் வயசான பிறகும் வாலை விடாதவன். 1866-ல் ரஷ்யாவின் கோவலெவ்ஸ்கி, அசிடியன் குஞ்சின் வாலில் முதுகுநாண் இருப்பதைக் காட்டியதும் சங்கதி சூடுபிடித்தது. முதுகுநாண் என்றால் நம் முதுகெலும்புக்கு முன்னோடி. டார்வின் 1871-ல் மனிதனின் தோற்றம் பற்றிய புத்தகத்தில் இதைச் சேர்த்துக்கொண்டார். 2006-ல் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வு, முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உயிருள்ள உறவு இந்த ட்யூனிகேட் கூட்டம்தான் என்றது. அதான் ஒன்றுவிட்ட உறவுன்னேன்.

எனக்குப் பிடித்த கட்டம் இனிமேதான். 1889-ல் ஜெர்மனியின் விக்டர் ஹென்சன் ஒரு கப்பல் நிறைய ஆராய்ச்சியாளர்களோடு அட்லாண்டிக்கை அளக்கப் போனார். பிளாங்டன் என்ற சொல்லையே 1887-ல் கொடுத்தவர் அவர். கடலில் சாப்பாடு எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுப்பது அவர் ஆசை. வலைக்கு எடுத்தது மாவு மில்லில் சலிக்கிற நைஸான பட்டுத்துணி. வெப்பக் கடலில் எதிர்பார்த்ததை விடக் குறைச்சலாகத்தான் கிடைத்தது. ஹெக்கெல் இதைப் பிடித்துக்கொண்டு 1890-ல் வறுத்தெடுத்தார். அந்தக் காலத்துப் பதிவுலகச் சண்டைன்னு வச்சுக்கங்க.

அந்தப் பயணத்தில் கிடைத்த அப்பெண்டிகுலேரியன்களை ஆராயும் வேலை ஹான்ஸ் லோமான் என்பவருக்கு வந்தது. வேலையை முடித்து 1896-ல் அறிக்கை கொடுத்தார். ஆனால் விடவில்லை. சிசிலித் தீவின் சிராக்யூஸில் உட்கார்ந்து, இவற்றின் வீட்டுக்குள்ளே சல்லடையில் என்ன சிக்கியிருக்கிறது என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பட்டு வலையில் சிக்காத குட்டிக் குட்டி உயிர்கள் குவிந்து கிடந்தன!

எங்க பாட்டி அரிசி மாவு சலிக்கும்போது, கப்பியைத் தனியாகக் கொட்டிவிட்டு, கீழே விழுந்ததைத்தான் பத்திரப்படுத்தும். ஹென்சன் கப்பியை மட்டும் எண்ணிவிட்டு, மாவைக் கடலிலேயே விட்டிருக்கிறார். மனிதன் நெய்த பட்டில் கண்ணின் அளவு ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு சொச்சம். இந்தப் பிராணியின் உள் சல்லடையோ மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை விடச் சிறியதையும் பிடிக்கும். லோமான் பிறகு கடல் தண்ணீரை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி நேரடியாகவே எண்ணினார். இந்த நுண்ணியக் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் நானோபிளாங்டன். இதைப் பற்றிய அவருடைய பெரிய கட்டுரை 1911-ல் வந்தது.

ஒரு பிராணியின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்துக் கடலின் கணக்கையே திருத்தியவர். இவரைப் பற்றி நம்ம பாடப் புத்தகத்தில் ஒரு வரி கூட நான் படித்ததில்லை. தாவரவியல், விலங்கியல் என்று ரெண்டு நோட்டு போட்டும் பிரயோஜனமில்லை.

கழற்றிப் போட்ட வீடுகள் என்ன ஆச்சு? அதற்கு ஆள் நேரே தண்ணீருக்குள் இறங்க வேண்டியிருந்தது. ஆலிஸ் ஆல்ட்ரெட்ஜ் மூச்சுக்கருவியோடு இறங்கிப் பார்த்து, காலி வீடுகள் மற்ற உயிர்களுக்குச் சாப்பாடாகின்றன என்று 1972-ல் எழுதினார். ஆழ்கடலில் இருக்கும் ராட்சச வகை வேறு லெவல். உடம்பு சில சென்டிமீட்டர்தான், வீடு ஒரு மீட்டருக்கும் மேல். கலிபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் ரோபோ நீர்மூழ்கியின் கேமராவில் பார்த்தவர்கள், இடிந்த வீடு நாளைக்குச் சுமார் 800 மீட்டர் வேகத்தில் தரைக்கு இறங்குவதை 2005-ல் சொன்னார்கள். அதோடு கார்பனும் கீழே போகிறது. ஆழத்து உயிர்களுக்குச் சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்ற கணக்கில் துண்டு விழுந்துகொண்டிருந்ததற்கு ஒரு பகுதி விடை இது. வண்டலைப் பிடிக்க வைத்த பொறிகளில் இந்தக் கோழை வீடுகள் ஒழுங்காகச் சிக்கவே இல்லையாம். மறுபடியும் வலைப் பிரச்சினை! 2017-ல் லேசர் ஒளியைப் பாய்ச்சி அளந்ததில், ஒரு ராட்சசன் மணிக்கு சுமார் 76 லிட்டர் வரை தண்ணீரை வடிகட்டுவது தெரிந்தது. எங்க வீட்டு வாட்டர் ஃபில்டர் ஒரு குடம் நிரப்ப எடுத்துக்கொள்ளும் நேரத்தைச் சொன்னால் சிரிப்பீங்க.

அந்த ராட்சசர்களில் ஒருவனுக்கு 1900-ல் கார்ல் ஷுன் வைத்த பெயர் பாத்தோகார்டியஸ் காரோன். கிரேக்கக் கதையில் செத்தவர்களைப் படகில் ஏற்றி அக்கரை சேர்ப்பவன் காரோன். வால்டிவியா கப்பலில் கிடைத்ததை வைத்து ஷுன் எழுதினார். அப்புறம் நூறு வருஷத்துக்கும் மேல், அவர் வரைந்த மாதிரியே ஒன்று நிச்சயமாகக் கிடைத்தது என்று சொல்ல முடியாமல், ஷுன் தப்பாகப் பார்த்தாரோ என்ற சந்தேகம் ஓடிக்கொண்டே இருந்தது. 2016-ல் மான்டரேக்காரர்கள் அதைப் பிடித்து, மரபணுவும் பார்த்து, ஷுன் வரைந்தது சரி என்று எழுதினார்கள்.

டிஸ்கி: லார்வேசியன் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, இது எதனுடைய லார்வா என்று யாரும் கேட்காதீங்க. எதனுடையதும் இல்லை. இதுவே முழுசா வளர்ந்த ஆள். சால்ப் பற்றி அடுத்த பதிவில்.