தாசில்தார் எந்தத் தூண்?



முப்பது வருடங்களுக்கு முன் எட்டாம் வகுப்பில் குடிமையியல் நடத்திக்கொண்டிருந்தேன். சட்டமன்றம் சட்டம் இயற்றும், நிர்வாகம் அதை நடைமுறைப்படுத்தும், நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும். மூன்று தூண்கள். ஒரு பையன் எழுந்து, "சார், தாசில்தார் எந்தத் தூண்?" என்றான்.

"நிர்வாகம்டா."

"அப்ப எங்கப்பாவ ஏன் சார் தாசில்தார் விசாரிக்கிறாரு?"

வரப்புத் தகராறில் அவன் அப்பா மேல் நூற்றியேழு கேஸ். "உட்காரு, பரீட்சைக்கு வராது" என்று சொல்லிவிட்டேன். எனக்கும் பதில் தெரியாது என்பதுதான் உண்மை. ஓய்வு பெற்ற பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

1793-இல் கார்ன்வாலிஸ், வங்காளத்தில் வரி வசூலிக்கும் கலெக்டரிடமிருந்து நீதி அதிகாரத்தைப் பிரித்தார். 1802-இல் அந்த முறை சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஆனால் 1816-இல் தாமஸ் மன்றோவின் யோசனைப்படி மாஜிஸ்திரேட் அதிகாரமும் போலீசும் மறுபடி கலெக்டர் கைக்குப் போயின. ஊரை அறிந்தவர் கலெக்டர்தான் என்பது மன்றோவின் வாதம். அவர் நல்லவர்தான். ஏற்பாடுதான் ஆபத்தானது.

விளைவு என்ன? வரி கேட்பவரும் தாசில்தார், போலீசும் அவர் கீழே. வரி கட்டாத குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். 1855-இல் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை இதையெல்லாம் பதிவு செய்தது. அதன் பிறகே, 1859 சட்டத்தின் மூலம், போலீஸ் தனித் துறையானது. மாஜிஸ்திரேட் அதிகாரம் மட்டும் வருவாய் அதிகாரிகளிடமே தங்கிவிட்டது.

இதைப் பிரிக்கச் சொல்லிக் காங்கிரஸ் தன் தொடக்க கால மாநாடுகளிலிருந்தே தீர்மானம் போட்டது. 1948-இல் அரசியல் நிர்ணய சபையில், மூன்று ஆண்டுக்குள் பிரிக்க வேண்டும் என்ற கெடுவோடு வந்த பிரிவு, கெடு நீக்கப்பட்டு நிறைவேறியது. அதுதான் இன்றைய 50-ஆம் பிரிவு. நாடு முழுவதற்குமான பிரிவினை 1974 ஏப்ரல் 1-இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடுதான் வந்தது. குற்ற வழக்குகள் நீதித்துறை நடுவரிடம் போயின. அமைதி காக்கப் பிணைப்பத்திரம் கேட்கும் அதிகாரம் நிர்வாக நடுவரிடமே நின்றது. அந்த நூற்றியேழு, இப்போதைய புதிய சட்டத்தில் 126.

தமிழ்நாட்டில் இன்னும் ஒரு படி போய், இந்த அதிகாரத்தைக் காவல் துணை ஆணையர்களுக்கே 2013, 2014 அரசாணைகள் கொடுத்தன. புகார் போலீஸ், விசாரணையும் போலீஸ்! 2023 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் அவற்றை ரத்து செய்தது. அதிகாரப் பிரிவினைக்கு அது முரண் என்றது.

தம்பி, நீ எங்கிருந்தாலும் சரி, உன் கேள்விக்குப் பதில் இதுதான்: தாசில்தார் நிர்வாகத் தூண். ஆனால் நீதித் தூணின் ஒரு கல் இன்னும் அவர் கையில் இருக்கிறது. உன்னை உட்காரச் சொன்னது என் தவறு.

இப்போது பாடம் நடத்தும் ஆசிரிய நண்பர்களே, இப்படி ஒரு பையன் எழுந்தால் உட்கார வைத்துவிடாதீர்கள்.