தப்பான மைக் முன்னாடி 27 சுற்று

இன்னைக்கு எபிசோட்ல ஒரே ஒரு கச்சேரியைப் பத்தித்தான் பேசப் போறோம். 1956 ஜூலை 7, சனிக்கிழமை ராத்திரி. இடம், அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நடந்த நியூபோர்ட் ஜாஸ் விழா. மேடையில் ட்யூக் எல்லிங்டனின் இசைக்குழு.

பழைய ஜாஸ் கேட்க ஆரம்பிக்கிறவங்களுக்கு வழக்கமா சிபாரிசு பண்ற ஆல்பங்கள்ல ஒண்ணு ‘எல்லிங்டன் அட் நியூபோர்ட்’. அந்த ராத்திரியோட நாயகன் வாசிச்சதை, அதே ஆல்பம் 43 வருஷம் நம்மளைச் சரியா கேட்க விடலை. அந்தக் கதைதான் இது.

முதல்ல பின்னணி. 1930கள்ல பெரிய இசைக்குழுக்களுக்கு இருந்த மவுசு, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு குறைஞ்சு போச்சு. பதினைஞ்சு பேருக்குச் சம்பளம் கொடுத்து ஊர் ஊரா கூட்டிட்டுப் போறது கட்டுப்படியாகலை. எல்லிங்டன் தன் குழுவை விடாம நடத்திட்டு இருந்தார். ஆனா 1956ல் அவருக்கு வயசு 57. அவர் காலம் முடிஞ்சதுன்னு நினைச்சவங்க நிறைய பேர்.

நியூபோர்ட்ல அவங்க முக்கிய நிகழ்ச்சி கிட்டத்தட்ட நள்ளிரவுலதான் தொடங்குச்சு. விழாவுக்காகவே எழுதின புதுப் படைப்பை வாசிச்சாங்க, கூட்டம் மரியாதையா கை தட்டுச்சு. அதுக்கப்புறம் எல்லிங்டன் ஒரு பழைய உருப்படியை எடுத்தார். ‘டிமினுவெண்டோ அண்ட் கிரெசெண்டோ இன் ப்ளூ’, 1937ல் எழுதினது. ரெண்டு பகுதி, பழைய இசைத்தட்டோட ரெண்டு பக்கத்துக்கு ஒவ்வொண்ணு. நடுவுல இருக்கிற இடைவெளியை நிரப்ப, பால் கொன்சால்வஸ் எழுந்து டெனர் சாக்சபோன் வாசிக்கணும். எத்தனை சுற்றுன்னு கணக்கு கிடையாது, முடியிற வரைக்கும் வாசிக்கலாம்.

ப்ளூஸ்ல ஒரு சுற்றுங்கிறது 12 பார், ஒரு பாருக்கு நாலு அடி. நம்ம தாளத்துல ஆவர்த்தனம் திரும்பத் திரும்ப வர்ற மாதிரி, இந்த 12 பாரும் சுத்திச் சுத்தி வரும். கொன்சால்வஸ் வாசிச்சது 27 சுற்று. அதாவது 324 பார், 1,296 அடி. பின்னாடி டிரம்ஸ்ல சாம் வுட்யார்ட், பாஸ்ல ஜிம்மி வுட். மேடை ஓரத்துல டிரம்மர் ஜோ ஜோன்ஸ், சுருட்டின செய்தித்தாளால தாளம் தட்டி உசுப்பேத்திட்டு இருந்தார். ஒரு பெண் எழுந்து ஆட ஆரம்பிச்சாங்க. கொஞ்ச நேரத்துல கூட்டமே நாற்காலி மேல நின்னுச்சு. அடுத்த மாசம் ‘டைம்’ பத்திரிகை அட்டையில் எல்லிங்டன் முகம்.

இப்போ சிக்கலுக்கு வருவோம். மேடையில் ரெண்டு தரப்போட மைக் இருந்துச்சு. ஒண்ணு ஆல்பம் பதிவு பண்ண வந்த கொலம்பியா நிறுவனத்தோடது. இன்னொண்ணு வெளிநாட்டு நேயர்களுக்கு ஒலிபரப்புற அமெரிக்க அரசு வானொலி, வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவோடது. கொன்சால்வஸ் வாசிச்சது வானொலி மைக் முன்னாடி. அதனால கொலம்பியா டேப்ல கூட்டத்தோட ஆரவாரம் பக்கத்துல கேட்குது, அந்த ஆரவாரத்துக்குக் காரணமானவர் தூரத்துல கேட்கிறார்.

ஆல்பத்தோட மற்ற பகுதிகள் கதை வேற. புதுப் படைப்புக்கு ஒத்திகை போதலைன்னு, திங்கட்கிழமை நியூயார்க் ஸ்டுடியோவுல பெரும்பகுதியைத் திரும்ப வாசிச்சுப் பதிவு பண்ணினாங்க. அதுல கைதட்டலை ஒட்ட வெச்சாங்க. தயாரிப்பாளர் ஜார்ஜ் அவாக்கியன் நோக்கம் நல்ல ஆல்பம் தர்றதுதான். ஆனா இசைத்தட்டு வாங்கினவங்க எல்லாமே மேடையில் நடந்ததுன்னு நம்பித்தான் கேட்டாங்க. எல்லிங்டனோட ஆல்பங்கள்லயே அதிகம் வித்தது அது.

1990கள்ல வானொலியோட டேப் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கிடைச்சது. ரெண்டு டேப்பும் மோனோ. ஒரே நேரம், ஒரே மேடை, வேற வேற மைக். ஃபில் ஷாப் தலைமையில் ரெண்டையும் அடிக்கு அடி பொருத்தி, ஒண்ணை இடது பக்கமும் இன்னொண்ணை வலது பக்கமும் வெச்சு ஸ்டீரியோவா மாத்தினாங்க. ரெண்டு டேப்பும் துல்லியமா ஒரே வேகத்துல ஓடாது. ரெண்டு சர்வர் லாக்கை நேரம் பார்த்துப் பொருத்தினவங்களுக்கு இந்த வலி புரியும். 1999ல் முழுக் கச்சேரியும் ரெண்டு சிடியா வந்துச்சு.

அதுல கொன்சால்வஸ் நம்ம பக்கத்துல நிக்கிறார். அவர் மூச்சு வாங்குற இடம் கூடத் தெளிவா இருக்கு. ஆனா அவர் இதைக் கேட்கலை. 1974 மே மாசம் லண்டன்ல இறந்துட்டார். சில நாள்ல எல்லிங்டனும் போயிட்டார்.

பழைய ஜாஸை ரசிக்கிறப்போ நமக்குக் கிடைக்கிறது அந்த ராத்திரி இல்லை, அந்த ராத்திரியில ஒரு மைக்குக்கு எட்டினது மட்டும்தான். எட்டாம போனதை மீட்டுத் தந்தது, 40 வருஷம் தூக்கிப் போடாம வெச்சிருந்த ஒரு டேப்.

ஹெட்ஃபோன் மாட்டிட்டு, முதல்ல 1956 ஆல்பத்துல அந்த 27 சுற்றையும் கேளுங்க. உடனே 1999 பதிப்பைப் போடுங்க. ஏழாவது, எட்டாவது சுற்று வர்றதுக்குள்ள வித்தியாசம் புரிஞ்சிடும். அதுக்கப்புறம் எண்றதை நிறுத்திடுவீங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.