கோவிவனும் எங்கள் வீட்டு மணியும்

போன பதிவில் கல்யாண மகாலைப் பற்றி எழுதியபோது ஒரு மாணவி கேட்டிருந்தாள்: "ஐயா, நம்ம கோட்டையில யானைக்குக் குளம் இருக்கு, குதிரைக்கு லாயம் இருக்கு. நாய்க்கு என்ன இருந்துச்சு?" வகுப்பில் கேட்டிருந்தால் ஒரு பீரியட் அதிலேயே போயிருக்கும்.

செஞ்சிக் கோட்டையில் நாய்க்கென்று கட்டிய எதையும் நான் பார்த்ததில்லை. யானையும் குதிரையும் போருக்கு வேண்டியவை. நாய்க்குக் கிடைத்த மரியாதையைப் பார்க்கத் திருவண்ணாமலையைத் தாண்டிப் போக வேண்டும். தண்டராம்பட்டு வட்டத்தில் எடுத்தனூர். அங்கே மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நட்ட நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு வைத்த கல். வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ சிற்றரசர்களின் பெயரே நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் 1,400 ஆண்டு நிற்கிறது!

ஆனால் காவல் காத்த நாய்க்குக் கல் வைத்தோமே தவிர, கிழட்டு நாய்க்கு வைத்தியம் எழுதினோமா? மாட்டு வாகடம் இருக்கிறது, அசுவ சாஸ்திரம் இருக்கிறது. 1903-இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியபோதும் உழவு மாடும் குதிரையும்தான் முதல் கவலை. 1936-இல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கால்நடைக் கல்லூரி அதுதான். நாய்க்கு ஸ்கேன், அறுவை என்பதெல்லாம் நம் பக்கத்துச் சிற்றூர் வரை வந்தது நேற்று முன்தினம் என்றே சொல்லலாம்.

இதை இவ்வளவு யோசிக்கக் காரணம் எங்கள் மணி. பன்னிரண்டு வயது. இரண்டு மாதமாகச் சிறுநீர் சொட்டுச் சொட்டாக, சில நாள் ரத்தம் கலந்து வந்தது. வெளிக்குப் போக முக்கினான். வந்ததும் பட்டையாக வந்தது. மலச்சிக்கல், விளக்கெண்ணெய் கொடு என்றார் தெருவில் ஒருவர். "மலையடிவாரத்துல விட்டுடுங்கண்ணா, கோயில் சோறு கிடைக்கும்" என்றாள் என் தங்கை. அவளும் இதைப் படிப்பாள், படிக்கட்டும்.

டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். இரண்டு தொல்லைக்கும் காரணம் ஒன்றே: புராஸ்டேட் சுரப்பி வீங்கி, ஒரு பக்கம் சிறுநீர்ப் பாதையையும் மறுபக்கம் மலக்குடலையும் அழுத்துகிறது. விதை நீக்காத கிழட்டு ஆண் நாய்களுக்கு இது சகஜமாம். காளைக்குக் காயடிப்பது போல விதையை எடுத்துவிட்டால் சில வாரத்தில் சுரப்பி சுருங்கிவிடும்.

வீட்டில் வயதான நாய் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கருப்பை எடுத்த பெட்டை தூக்கத்தில் நனைத்தால் அது பெரும்பாலும் தசைத் தளர்ச்சி, மாத்திரை உண்டு. தண்ணீர் அதிகம் குடித்து அதிகம் போனால் சிறுநீரகம், சர்க்கரை இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எதற்காகவும் தண்ணீரைக் குறைக்காதீர்கள். வெங்காயம் போட்ட சாம்பார் சாதமும், நாம் விழுங்கும் வலி மாத்திரையும் கூடாது. ஒரு சொட்டுகூட வராமல் முக்கினால் அன்றே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மணிக்கு வரும் செவ்வாய்க்கிழமை அறுவை. இந்த வயதில் மயக்க மருந்து தாங்குவானா என்பதற்காக ரத்தம் எடுத்திருக்கிறார்கள். முடிவு நாளை வரும்.