துருவும் ஓர் ஆவணம்
1950 மார்ச் 8 அன்று ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையில் ஃபோக்ஸ்வாகன் வேனின் தொடர் உற்பத்தி தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் அதனைத் தங்கிப் பயணிக்கும் ஊர்தியாக மாற்றியது. 1960, 70களில் ஐரோப்பிய இளைஞர் பலர் ஈரான், ஆப்கானிஸ்தான் வழியே அதில் இந்தியா வந்தனர். 1979இன் அரசியல் மாற்றங்கள் அத்தரைவழியை அடைத்தன.

இவ்வகை ஊர்தியொன்றைப் பெங்களூருவில் பேணுவது எளிதெனத் தோன்றும். ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்நகரை உப்புக்காற்று எட்டுவதில்லை. ஆயினும் கதவடியிலுள்ள மூடிய தகட்டறைகளில் மழைநீர் தேங்கினால், இரும்பு உள்ளிருந்தே அரிபடும். துருவின்மேல் வண்ணம் பூசுவது அழிவை மறைக்குமேயன்றி நிறுத்தாது. அரிபட்ட பகுதியை வெட்டி நீக்கிப் புதுத்தகடு பற்றவைத்து, துத்தநாகப் பூச்சிட்டு, உள்ளறைகளில் மெழுகு செலுத்துவதே காப்பு.

ஆனால் நீக்கப்படும் ஒவ்வொரு தகட்டோடும் பழைய பற்றவைப்பும் மூல வண்ணமும் மறைகின்றன. ஆகவே வெட்டுமுன் அவற்றைப் பதிவுசெய்தல் வேண்டும். இல்லையேல் எஞ்சுவது ஊர்தி மட்டுமே, அதன் வரலாறு அன்று.